எங்கே நின்றது என்று தெரியாத நகல்

என் தங்கத் தம்பி சரவணா,

நீ போய் நாற்பது நாளாகிறது. இன்றைக்கு உனக்கு ஆபீஸ் சேதி ஒன்று சொல்ல வேண்டும். உன்னைத் தவிர யாருக்கு இது புரியும்?

ரெம்பாவ் பக்கத்துத் தோட்டக் கிளினிக்குகளின் நோயாளிப் பதிவுகளை செனாவாங் ஆபீஸில் நாம் இரண்டு பேரும்தானே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சூப்பர்வைசர், நீ எனக்குக் கீழே. ஒரு நாள் மதியம் என் மேசைக்கு வந்தாய்.

"அக்கா, இந்த பேக்கப் எல்லாத்தையும் எடுக்குது, ஒன்ன மட்டும் விட்டுடுது. மெயின் சர்வர்லேருந்து நகல் சர்வர் எதுவரைக்கும் காப்பி பண்ணுச்சுன்னு எழுதி வைக்கிற டேபிள் அதுல வரல. நாளைக்கு ரெஸ்டோர் பண்ணா, எங்கேருந்து தொடரணும்னு அதுக்குத் தெரியாது."

"அப்புறம் பாத்துக்கலாம் லா," என்றேன்.

இன்னும் இரண்டு முறை கேட்டாய். கடைசி முறை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வாரமே மழையில் உன் மோட்டார் சைக்கிள் ஒரு லாரிக்கு அடியில் போனது.

போன வாரம், கிளினிக்குகள் பார்க்கும் நகல் சர்வர் கெட்டுப்போனது. பேக்கப்பிலிருந்து மீட்டேன். எல்லாம் வந்தது, நீ சொன்ன அந்த டேபிளைத் தவிர. தொடர வேண்டிய இடத்தை நானே உத்தேசமாகக் குறித்து ஓடவிட்டேன். பேக்கப் எடுத்த நேரத்துக்கும் நான் குறித்த இடத்துக்கும் நடுவில் பதிந்தவை நகலில் வராமலே போயின. எந்த எச்சரிக்கையும் இல்லை.

மறுநாள் காலை நர்ஸ் ஒருவர் போன் செய்தார், அம்மா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த அதே தோட்டத்திலிருந்து. ஊசி போடுமுன் ஒரு பெண்ணிடம், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா என்று வாயால் கேட்டிருக்கிறார். "இந்த மருந்து எனக்கு ஆவாதுன்னு முந்தாநாளுதானே எழுதிக்கிட்டீங்க?" என்றாராம் அந்தப் பெண். திரையில் ஒன்றுமே இல்லை.

நர்ஸ் கேட்காமல் விட்டிருந்தால்?

மெயின் சர்வரிலிருந்து நகலை முழுவதும் புதிதாக எடுத்தேன். பிறகு மேலாளரிடம் போய், "என் தம்பி மூணு தடவ சொன்னான் சார். நான்தான் கேக்கல," என்றேன். அவர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தினார். அப்போதுதான் அழுதேன்டா, உன் காரியத்தன்றுகூட வராத அழுகை.

இப்போது அந்த டேபிளையும் சேர்த்தே எடுக்கிறோம். பத்து நிமிஷ வேலைதான். அந்தப் பத்து நிமிஷத்தை உனக்கு ஏன் தராமல் போனேன்?

நேற்று அம்மா கேட்டார்: "தம்பி ஆபீஸ்ல நல்லா வேல செஞ்சானாம்மா?" தலையை மட்டும் ஆட்டினேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீ எவ்வளவு கெட்டிக்காரன் என்பதையும், நான் உன்னை எப்படி விரட்டினேன் என்பதையும்.

உன் பேச்சைக் காலம் கடந்து கேட்ட அக்கா,
விமலா