சூட்டிலும் மூடாத வளையம்

4.11 செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. நெல்லியடியில் பஸ் ஏறும்போதே தொப்பலாக நனைந்தாயிற்று. குடையை நேற்றுப் பல்கலைக்கழக லாப்பில் விட்டுவிட்டு வந்த கெட்டிக்காரி நான்.

திரும்பவும் அதே வில்லை. பேரியம் டைட்டனேற்று. வோல்ற்றேஜை ஏற்றி இறக்கினால் அதன் மின்னேற்றம் போன வழியால் திரும்பி வராது, திரையில் வளையம் விழும். பிடிவாதம் பிடித்த சாமான், அதனால்தான் எனக்குப் பிடிக்கும். சூடாக்கிக்கொண்டு போனால் நூற்றிருபது பாகைக்குக் கிட்ட அந்தப் பிடிவாதம் விட்டுப்போக வேண்டும், வளையம் ஒடுங்கிக் கோடாக வேண்டும். எங்களுடையது மட்டும் நூற்றைம்பதிலும் வாயைப் பிளந்தபடி.

என் ஆய்வை மேற்பார்க்கிற சேருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "பிள்ளை, இது ஒருத்தரும் காணாத விசயம்." மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாயிற்று. பீடம் முழுக்கச் சொல்லியும் விட்டார். டிசம்பரோடு என் பதிவுக்காலம் முடிகிறது. இந்த வளையம் இல்லாவிட்டால் பட்டமும் இல்லை.

ஆனால் வளையத்தின் முனை உருண்டை. கூராக அல்லவா இருக்க வேண்டும்? உருண்டை என்றால் மின்சாரம் எங்கேயோ கசிகிறது.

வாங்க: அம்மாவின் பிரஷர் குளிசை, சவர்க்காரம். அசிற்றோனும் முடியப்போகிறது.

5.11 புதன்

வெயில், புழுக்கம். பஸ்ஸில் பின் சீற்றில் ஒருவர்: "உவன் கனடா போயும் உருப்படேல்லை." உருப்படாமல் போக யாழ்ப்பாணமே போதும்.

இன்று வில்லையை எடுத்துவிட்டு அதைத் தாங்குகிற வெறும் பிடியை மட்டும் சூடாக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. வளையம் வந்தது.

ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். பிடியின் இரண்டு மின்கம்பிகளுக்கும் நடுவே, வெள்ளைப் பீங்கானில், கருகிய கறை. நகத்தால் சுரண்டினால் அடியில் குங்குமச் சிவப்பு.

சரஸ்வதி பூசை! பிடி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், இதற்குச் சேர் தன் கையால் வைத்தார். "இதுதான் எங்களுக்குச் சோறு போடப்போகுது." பூசை முடிந்த பிறகுதான் முதல் அளவே எடுத்தோம். பொட்டு சூட்டில் கரியாகி, அதன் வழியே மின்சாரம் ஓடியிருக்கிறது. இத்தனை நாளாக நான் அளந்தது சந்தனத்தை.

சிரிப்பும் வருகிறது, குமட்டிக்கொண்டு சத்தியும் வருகிறது.

7.11 வெள்ளி

அசிற்றோனால் துடைத்து, வில்லையை வைத்து, திரும்ப ஓட்டினேன். நூற்றைம்பதில் கோடு. நல்ல, நேரான, உலகத்துக்கே தெரிந்த கோடு.

சேரிடம் போய்ச் சொன்னேன்.

"நான் வைச்ச பொட்டோ?"

"ஓம் சேர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனநேரம் துடைத்தார். பிறகு மெல்ல, "மாநாடு முடியட்டும் பிள்ளை. உம்மடை பட்டமும் கிடக்கெல்லே. ஆர் வந்து பிடியைக் கழட்டிப் பாக்கப்போறாங்கள்?"

"நான் பாத்திட்டன் சேர்."

அவ்வளவுதான் வாயில் வந்தது. குரலை உயர்த்திவிட்டேனோ? எனக்கு அவரில் கோபம். அதைவிட, ஒரு கணம் 'சரி' என்று சொல்ல ஆசைப்பட்ட என்னில்.

9.11 ஞாயிறு

தலையிடி. உடுப்புத் தோய்க்கிற வேலை அப்படியே கிடக்கிறது.

மத்தியானம் போனில் மெயில். சேர் மாநாட்டுக்காரருக்கு எழுதியது, எனக்கும் ஒரு பிரதி. சுருக்கத்தைத் திருப்பிப் பெறுகிறாராம். பிடியில் சந்தனம் வைத்தது தான்தானாம், அதைக் கண்டுபிடித்தது தன் மாணவியாம். சந்தனம் என்றே எழுதியிருக்கிறார், ஒளிக்கவில்லை. இனி அவரைப் பார்த்து எத்தனை பேர் சிரிப்பார்கள். என் பட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவரால் என்ன செய்ய முடியும்?

அம்மா குசினிக்குள்ளிருந்து: "மாநாட்டுக்குக் கட்டுற சாறிக்குச் சட்டை தைக்கக் குடுத்திட்டன். எப்ப பிள்ளை போறாய்?"

"போகேல்லை அம்மா."

"ஏன், என்ன பிழைச்சது?"

ஒன்றும் பிழைக்கவில்லை அம்மா, எல்லாம் சரியாக வந்துவிட்டது என்றேன். சொல்லி முடிக்க முதல் அழுகை வந்துவிட்டது.