பச்சைக் கம்பி

பினாங்கு,
மார்ச் 9

அன்புள்ள கோகிலா,

ஜொகூரில் உன் தங்கை வீட்டில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் என் மானம் போன கதை. பக்கத்து வீட்டு ஃபஸீலாக்கா போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை கைலியும் கிழிந்த பனியனுமாக வாசலில் நின்று, கரண்ட் கம்பெனி ஆளிடம் தெருவே கேட்கும்படி கத்தினேன். பாதியில் கைலி அவிழ்ந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி நீட்டிப் பேசினேன்.

நீ போய் மூன்று வாரம். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக்கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தபால்தலை வாங்கப் போனேன். கவுண்டர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஐஸ்பெட்டிக் கதவு உனக்கு ஷாக் அடித்த அன்று, “கரண்டு வெளியிலேர்ந்து வருது, அது கம்பெனி பொறுப்புலா” என்றேன். நீ கையைத் தேய்த்துக்கொண்டே, “இந்த வீட்டுல எதுதாங்க உங்க பொறுப்பு?” என்று கேட்டாய். நான் காப்பி கேட்டேன். அந்தக் காப்பிதான் உன்னை பஸ் ஏற்றியது என்று இப்போது புரிகிறது.

கம்பெனியிலிருந்து வந்தவன் பெயர் இக்மல். நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றான். பிறகு மீட்டரைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். மீட்டர் வரைக்கும் எங்களுடையது அண்ணே, அதற்கு அப்புறம் உங்களுடையது, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள் என்று மலாயில் சொல்லி, சுவரில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் இருபத்தாறு வருடமாகச் சாப்பிட்டுத் தூங்கியவன் நான்.

வயர்மேன் தங்கராஜுவைக் கூப்பிட்டேன். வருகிறேன் வருகிறேன் என்று பதினைந்து நாள் இழுப்பானே, அவனேதான். அரைமணி நேரத்தில் வந்து நின்றான்! என் குரலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

ஐஸ்பெட்டியின் பிளக் பாயிண்டைக் கழற்றியவன், “அண்ணே, எந்த மகராசன் பார்த்த வேலைண்ணே இது?” என்றான். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கு விளக்குப் போட அங்கிருந்துதானே நான் லைன் இழுத்தேன்! நீ மோர் கலக்கினாய். எல்லாரும் என்னை என்ஜினியர் என்றார்கள். பந்தலைப் பிரித்த பிறகு திரும்ப மாட்டும்போது பச்சைக் கம்பி ஒன்று மிஞ்சியது. மிஞ்சியது தேவையில்லாததுதானே என்று மடித்து உள்ளே திணித்துவிட்டேன். அது எர்த் கம்பியாம். கசிகிற கரண்ட் உன் கைக்கு வராமல் மண்ணுக்குப் போகும் வழியாம்.

அவன் அதைச் சரியாக மாட்டி, பெட்டிக்குப் பின்னால் எலி கடித்திருந்த வயரையும் மாற்றினான். சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், கோகிலா. அன்று உன் கை ஈரமாக இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

இப்போது ஐஸ்பெட்டி சாதுவாக இருக்கிறது. ‘சிலிப்பர் போட்டுக்கொண்டு தொடவும்’ என்று நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டை இன்னும் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவள் எழுதுகிற சீட்டா அது? தினமும் காலையில் நான்தான் முதலில் தொட்டுப் பார்க்கிறேன். நீ வந்த பிறகும் அப்படித்தான்.

மல்லிகை பூத்துக்கொண்டிருக்கிறது, பறிக்கத்தான் ஆளில்லை. ஃபஸீலாக்கா மீ கோரெங் சமைத்துக் கொடுத்தனுப்புகிறார், கூடவே புத்திமதியும்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறு. சுங்கை நிபோங் நிலையத்தில் காத்திருப்பேன், கால்சட்டை போட்டுக்கொண்டு. வாசல் வரைக்கும் முருகன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உள்ளே வந்த பிறகு என் பொறுப்பு.

உன்
கார்த்திகேசு

பி.கு.: இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஏறும்போது தங்கராஜு சொன்னான். நீ போன மறுநாளே அவனுக்குப் போன் செய்தாயாம். “அண்ணனா கூப்பிடுற வரைக்கும் போகாதே தம்பி, கூப்பிட்டா அரைமணி நேரம் தாண்டக்கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்கண்ணே.”