மூன்றாவது தூண்

கோலார் தங்கவயல்,
1892, மாசி 4

சௌபாக்கியவதி தாயம்மாளுக்கு, பூமிக்கு அடியில் அறுநூறடி ஆழத்தில் ராஜ்ஜியம் ஆளும் உன் தாய்மாமன் காத்தவராயன் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சேமம்.

ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். உனக்குப் படித்துக் காட்டும்போதே உன் வீட்டுக்காரன் பெருமாள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வான். பிடித்துக்கொள்ளட்டும்.

மகனுக்குக் காது குத்த மாசி மகத்தன்று வண்டியில் வருகிறீர்களே, வழியில் வரும் பாலாற்றுப் பாலத்தின் சரித்திரம் இது. முதல் பாலம் மூங்கில். ஆறு ஒருமுறை தும்மியது. மூங்கிலெல்லாம் வேலூர்க் கோட்டையில் போய்க் குத்தி நின்றது. அடுத்தது மரப்பாலம். தாசில்தாரின் தொந்தியைக் கண்டதுமே உட்கார்ந்துவிட்டது. இப்போது இருப்பது கல்பாலம். சுண்ணாம்பில் வெல்லமும் கோழிமுட்டையும் கலந்தார்கள். முட்டையெல்லாம் பாலத்துக்கே போனதால் இந்தச் சீமையில் சேவலே பிறக்கவில்லை. கூவ ஆளில்லாமல் சூரியன் பத்து மணிக்குத்தான் எழுந்தான். வெல்ல வாசனைக்கு வந்த எறும்புகள் மூன்றாவது தூணுக்குள் குடியேறித் தேர்த்திருவிழா நடத்துகின்றன.

இதை எழுதித் தரும் பள்ளிக்கூட வாத்தியார் மாணிக்கராஜ்கூடச் சிரிக்கிறார்.

போன ஞாயிறு, பாய்லர் ஏற்றிய வண்டியைத் தள்ள எங்களை அந்தப் பாலத்துக்கு அனுப்பினார்கள். நிழலுக்காகப் பாலத்தின் அடியில் ஒதுங்கினேன். கை சும்மா இருக்குமா? ஷிப்டு தொடங்குமுன் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கடப்பாரையால் தட்டிக் கேட்பது எங்கள் வழக்கம். நல்ல பாறை கணீர் என்னும். விழப்போகும் பாறை வெறும் பானைபோல டொக் என்னும். தூண்களைத் தட்டினேன். இரண்டு கணீர். மூன்றாவது டொக்.

ஓவர்சீயரிடம் சொன்னேன். எலிவளையில் கிடப்பவன் நீ, எனக்குப் பாலம் கற்றுத்தருகிறாயா, போடா என்றார். எங்கள் ஆட்களோ, இன்னா காத்தவராயா, எறும்பு உன்னைத் தேர் இழுக்கக் கூப்புட்டுதா என்றார்கள். வழி நெடுக எறும்புக் கதையை அவிழ்த்துவிட்டவன் நான்தானே.

தாயம்மா, உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். உன் அப்பா மேல் பாறை விழுந்த அன்று காலையிலும் டொக் என்றுதான் கேட்டது. சொன்னேன். இன்னா மச்சான், விடிஞ்சதுமே கதையா என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். முந்தின நாள்தான், பாறை விழுது ஓடுங்க என்று விளையாட்டுக்குக் கத்தி அவரை ஓட வைத்திருந்தேன்.

உனக்கு அண்ணன் தம்பி இல்லை. உன் மகன் என் மடியில்தான் உட்கார வேண்டும். ஆற்றில் இப்போது தண்ணீர் இல்லை. பாலத்தை விட்டுத் தள்ளி, வண்டியை மணலில் இறக்கிக் கடந்து வாருங்கள். சக்கரம் புதைந்தால் தள்ள நான் விடியலிலிருந்தே கரையில் நிற்பேன்.

சேவல் பொய். எறும்பு பொய். தாசில்தார் தொந்தியில் பாதி பொய். மூன்றாவது தூண் மட்டும் நிஜம். இந்த வரியை எழுதும்போது வாத்தியார் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்காதே, கண்ணு.

குழந்தை நூறு வயது இருக்கட்டும்.

உன் மாமன்,
காத்தவராயன்