பாதி வேகத்தில் ஒரு கர்ஜனை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று ஒரு கர்ஜனை விட்டேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஆடிப்போனது. நடுக்கடலில் இரண்டு கப்பலாவது திசை மாறியிருக்கும். ஏழாவது மாடி அம்மா கதவைத் திறந்து, "மெக்கானிக், அடி ஏதும் பட்டுடுச்சா?" என்றார்.

"இல்லம்மா, பாட்டு."

அவர் முகத்தில் இரக்கம் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு. ஐம்பத்து மூன்று வயதில் முதல் ஆல்பம். ஹெவி மெட்டல், எட்டுப் பாட்டு. கிதார் அக்கா மகள். டிரம்ஸ் 'இடி', பேக்கரியில் மாவு பிசைகிறவன். தொண்டை அடியேன். மற்ற மெட்டல்காரர்கள் பேய், பிணம், நரகம் என்று பாடுவார்கள். நரகத்தில் லிஃப்ட் இருந்தால் அதையும் நான்தான் பழுது பார்ப்பேன். எனக்கு எதற்குக் கற்பனை? கயிறு, துரு, எதிரெடை, ஆளில்லாத மாடியில் தானாகத் திறக்கும் கதவு. எட்டாவது பாட்டு 'கவனக்குறைவு'. அது நெட்டைக்கு.

நெட்டை என் கூட்டாளி. இரண்டு வருடத்துக்கு முன், லிஃப்டின் அடிக்குழியில் இறங்கி வேலை பார்க்கும்போது தேய்ந்த பிரேக் வழுக்கி, கூண்டு அவன்மேல் இறங்கியது. பிரேக் ஷூவை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தான். கம்பெனி அறிக்கையில் காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.

அந்தப் பாட்டைப் போன வருடம் கம்பெனி ஆண்டுவிழாவில் மேனேஜர் முன்னாலேயே பாடினேன். நிமிடத்துக்கு நூற்றறுபது தாள அடி வேகம். தன்னைத் திட்டும் பாட்டுக்குத் தானே எழுந்து நின்று கைதட்டினார் மனிதர். அந்த வேகத்தில் நான் பாடுவது தமிழ்தான் என்று கோர்ட்டில்கூட நிரூபிக்க முடியாது.

மார்ச் 8, ஞாயிறு

சர்வநாசம்.

டிரம்ஸை முதலில் தனியாகப் பதிவு செய்வது வழக்கம். காதுக்குள் டக் டக் என்று தாளம் ஓடும், டிரம்ஸ்காரர் அதைப் பிடித்து அடிப்பார். நானும் அக்கா மகளும் வெளியே ஆல்பம் அட்டைக்கு மண்டையோடா, முறுக்குக் கம்பியா என்று போர் புரிந்துகொண்டிருந்தோம். உள்ளே இடியின் காதில் ஓடியது பாட்டைப் பழகுவதற்காக அவள் செய்து வைத்திருந்த பாதி வேகத் தாளம். எட்டுப் பாட்டையும் எண்பதில் அடித்து முடித்துவிட்டான்.

"உனக்குத் தெரியலையாடா?"

"நீங்க ரெண்டு பேரும் மனச மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். வாராவாரம் மாத்துறீங்கல்ல?"

பதிவு செய்தவர், "உங்க ஸ்டைலே அதுதான்னு நெனச்சேன் சார், சாவு கணக்கா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

அடுத்த ஞாயிறு மறுபடி அடிக்கலாம் என்றிருந்தோம். பேக்கரித் தட்டு வண்டி இடியின் மணிக்கட்டில் ஏறிவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மாவு பிசைகிறவனுக்கே மாவுக்கட்டு! விதியின் நகைச்சுவை உணர்வு என்னுடையதைவிட மட்டம்.

மார்ச் 14, சனி

அக்கா மகள் கைவிடவில்லை. கிதார் தந்திகளை இன்னும் தளர்த்தி, சுருதியைப் பாதாளத்துக்கு இறக்கி, அந்த எண்பதின்மேல் வாசித்துக் காட்டினாள். வேகத்தில் வெட்டுக்கிளிக் கூட்டமாக இருந்தது, இப்போது ஒரு கட்டடம் எழுந்து நடப்பதுபோல் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே நின்று யோசிக்க இடம்.

"மாமா, இதுலயே போடலாம்."

"போடு. உலகம் மெதுவாச் சாகட்டும்."

மார்ச் 15, ஞாயிறு

பாடினேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது.

*மூன்று முறை எழுதினான், பார்க்கலாம் என்றீர்.*
*கீழே கிடந்தபோது வந்து பார்த்தீர்.*

வீட்டில் போட்டதும் மனைவி நனைந்த துணியோடு வந்து நின்றாள். இத்தனை நாள் நான் பேயைப் பற்றிப் பாடுவதாக நினைத்திருந்தாளாம்.

"ஏங்க, இது நம்ம நெட்டையா?"

"ஆமா."

"மேனேஜர் காதுல விழுந்தா வேலை போயிடுமே."

மார்ச் 18, புதன்

விழுந்தால்? விழட்டும் என்று சொல்ல வாய் வருகிறது, வயிறு வரவில்லை.

அந்தப் பாட்டை மட்டும் மறுபடி பாடினேன், வார்த்தை புரியாதபடி அடிவயிற்றிலிருந்து உறுமி. கலை நோக்கம் என்று விளக்கமும் வைத்திருந்தேன். அக்கா மகள் ஒரே வரிதான் சொன்னாள்: "முழுங்குறீங்க மாமா."

அப்படியென்றால் அந்த நூற்றறுபதும்? அது வேகமா, பதுங்குகுழியா? இரண்டு வருடம் சிங்கம் என்று ஊரை ஏமாற்றியிருக்கிறேன். என்னையும்.

மார்ச் 21, சனி

நெட்டையின் மனைவி தையல் கடையில் துணி வெட்டுகிறார். அனுமதி கேட்கப் போனேன். கத்திரியைக் கீழே வைக்காமலே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒன்பது நிமிடப் பாட்டு. எனக்கு ஒன்பது வருடம்.

கழற்றிவிட்டு, "மூணு இல்லண்ணே, நாலு" என்றார்.

"என்னம்மா?"

"நாலாவது லெட்டர் நான் எழுதுனது. மூணுக்கும் பதில் வரலன்னு அவர் சோர்ந்து போய்ட்டார். நாந்தான் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புனேன். நகல் இருக்கு."

"யாருமே கேக்கலையா?"

"நீங்க கேட்டீங்களா?"

ஹெட்போன் வயரைச் சுருட்டினேன்.

"பாட்டுல நாலுன்னு மாத்துங்க. அப்புறம், இன்னும் கொஞ்சம் மெதுவாப் பாட முடியாதா?"

மார்ச் 22, ஞாயிறு

நான்கு என்று பாடிவிட்டேன். உறுமல் இல்லை, முழுங்கல் இல்லை. எட்டாவது பாட்டை முதல் பாட்டாக வைக்கச் சொன்னேன். ஆல்பத்தின் பெயரும் அதுவே.

மனைவி கேட்டுவிட்டு, "வேலை போனா போகட்டும், 'கூண்டு'ங்கிற எடத்துல மட்டும் மூச்சு வாங்குது, சரி பண்ணுங்க" என்றாள். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு மெட்டல் விமர்சகர் குடியிருந்திருக்கிறார்.

ஏப்ரல் 6, திங்கள்

ஆல்பம் இணையத்தில் ஏறிவிட்டது. கேட்டவர்கள் இருநூற்றுப் பத்து பேர். அதாவது, அகில உலகமும்.

ஏப்ரல் 9, வியாழன்

மேனேஜர் அறை. மேசைமேல் போன், போனில் நான்.

"நல்லாத்தாம்ப்பா பாடுற. ஏழு பாட்டோட நிறுத்திக்கக் கூடாதா?"

"அப்போ ஆல்பத்துக்குத் தலை இருக்காது சார்."

"அன்னிக்கு விழாவுல பாடுனது வேற பாட்டுதான?"

"இதேதான் சார். நீங்க கை தட்டுனீங்க."

முகம் துருப்பிடித்த தகடு மாதிரி ஆகிவிட்டது. நாளைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டுமாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

விளக்கம் கொடுத்தேன். பாட்டு வரிகள் முழுதும், அடியில் என் கையெழுத்து. இணைப்பு: நான்காவது கடிதத்தின் நகல், எழுதியவர் சம்மதத்துடன்.

ஏப்ரல் 13, திங்கள்

இனி நான் கட்டடங்களுக்குப் போகக் கூடாது. உதிரிபாகக் கிடங்கில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இமயமலையைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 23, வியாழன்

நெட்டையின் மனைவி தொழிலாளர் அலுவலகத்தில் நகலைக் கொடுத்துவிட்டாராம். மறுவிசாரணை மனு. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வருவேனா என்று கேட்டார். "மெதுவாவே சொல்றேம்மா" என்றேன்.

மே 5, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கிடங்கு ஜன்னலில் இரண்டு மெக்கானிக்குகள்.

"அண்ணே, பிரேக் ஷூ பதினாறு ஜோடி."

"பதினாறா? எந்தக் கட்டடத்துக்கு?"

"எல்லாத்துக்குந்தான். இந்த வாரத்துக்குள்ள மாத்தியாகணுமாம்."

"யார் சொன்னது?"

"தெரியல. மேலிடம். ஏன்னு கேட்டா, சும்மா வழக்கமான பராமரிப்புங்கிறாங்க."

ஒவ்வொரு ஜோடியையும் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்து, கீறல் இருந்த ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தேன். அரைமணி நேரம் ஆனது. இரண்டு பேரும் அவசரப்படுத்தவில்லை.