‘இயங்குகின்றது’ என்று எழுதியவள்

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. புதுக்குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

பிரதேச செயலகக் கந்தோரில் மாவட்டக் கச்சேரியின் மின்னஞ்சல் ஒன்று காத்திருந்தது. பாராளுமன்றக் கேள்வி. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் கேட்டிருக்கிறார்: வேலைக்குப் போகும் தாய்மாருக்கென்று கட்டிய பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் எத்தனை, எத்தனை இயங்குகின்றன, பராமரிப்பவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது? நாளை மதியத்துக்குள் பதில் போக வேண்டும். முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் நான்தான் என்பதால் அட்டவணையை நிரப்புவதும் என் வேலை.

எங்கள் பிரிவில் இருப்பது ஒன்றே ஒன்று, ஆத்திமுனையில். கட்டித் தந்த நிறுவனம் பதினொரு மாதத்தில் திட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. பராமரிக்க வந்த இரண்டு பெண்களும் சம்பளமில்லாமல் நான்கு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். இப்போது அதற்குள் வெள்ள நிவாரணத் தறப்பாள் விரிப்புகளும் தண்ணீர்த் தாங்கிகளும் கிடக்கின்றன. கதவுப் பூட்டின் திறப்பு என் மேசை லாச்சியில்.

பெப்ரவரி 19

‘இயங்கவில்லை’ என்று நிரப்பிக் கொண்டுபோனேன். நிர்வாக உத்தியோகத்தர் முத்துலிங்கம் சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

“கிருசாந்தி, இப்பிடி எழுதினால் கட்டடத்தை வேற திணைக்களத்துக்குத் தூக்கிக் குடுத்திடுவாங்கள். இயங்குது எண்டு போட்டால் அடுத்த வருசம் ஒதுக்கீடு கேக்கலாம். நான் அந்தச் சனத்துக்காகத்தான் சொல்லுறன்.”

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. ‘இயங்குகின்றது. பிள்ளைகள் 23’ என்று மாற்றினேன். இருபத்துமூன்று என்பது திறப்பு விழாவன்று பதிந்த தொகை.

மார்ச் 7, வெள்ளி

அமைச்சர் வாசித்ததை என் கணவர் ஜெயந்தன் போனில் போட்டுக் காட்டினார். “ஆத்திமுனை நிலையம் இயங்குகின்றது. பிள்ளைகள் இருபத்துமூன்று.” நான் தட்டச்சிட்ட அதே ஒழுங்கு. கேட்ட உறுப்பினர் நன்றி சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

“உன்ர எழுத்துப் பாராளுமன்றம் வரைக்கும் போயிட்டுது” என்று ஜெயந்தன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 12

தலையிடி. போனேன், வந்தேன்.

மார்ச் 26, புதன்

பத்தரைக்கு ஆத்திமுனை கிராம சேவகர் போன் எடுத்தார். மேனுகா என்று ஒரு பிள்ளை, மூன்று வயது. சுற்றிவரக் கட்டுக் கட்டாத கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லையாம்.

தாய் பிரியந்தினி காமென்ற் தையல் வேலைக்குப் போகிறவள். ஐந்தரைக்கு பஸ் வந்து ஏற்றிப் போனால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் இறக்கிவிடும். தகப்பன் வின்சன் கடற்கரை வாடிக் கொட்டிலில் தங்கிக் கடலுக்குப் போகிறவர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் நிதர்சனாவைப் பள்ளிக்கூடம் விடாமல் மறித்திருக்கிறார்கள். அவளுக்குப் பத்து வயது. குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவர எவ்வளவு நேரம் போகும்? அவ்வளவு நேரம்தான்.

கிணற்றிலிருந்து நிலையத்தின் மஞ்சள் மதில் தெரியும். எனக்கு அந்த இடம் தெரியும். நான்தான் இடம் பார்த்துக் குடுத்தனான்.

மார்ச் 28

செத்த வீட்டுக்குப் போனேன். சின்னப் பெட்டி. கோயிலடிப் பெண்கள் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்ட அந்த உறுப்பினர் வந்தார், கூடவே கமரா வைத்திருந்த இருவர். பிரியந்தினியின் முன்னால் குந்தி, அனுதாபம் சொன்னார். அவள் அழவில்லை.

“நீங்கள் கேட்டனீங்களாம் ஐயா. அவை அது இயங்குது எண்டு சொன்னவையாம். இருபத்துமூண்டு பிள்ளையளாம். அப்ப என்ர பிள்ளை ஏன் கிணத்தடியில நிண்டது?”

கமராக்காரர் இருவரும் கமராவைக் கீழே இறக்கிவிட்டார்கள். நான் பின்வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். எழும்பி, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திட்டன்.

ஏப்ரல் 3

ஏன் எழுதினனான்? சேர் சொன்னவர் எண்டா? சேர் கையைப் பிடிச்சா எழுதினவர்?

மே 8, வியாழன்

மறுபடியும் கேள்வி வந்திருக்கிறது, அதே உறுப்பினரிடமிருந்து. முன்னைய பதில் வாசிக்கப்பட்ட நாளில் ஆத்திமுனை நிலையம் உண்மையில் திறந்திருந்ததா, இல்லையென்றால் எப்போதிலிருந்து, அந்தத் தகவலைத் தந்தது யார்?

“திருத்த வேலைக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டிருந்தது எண்டு எழுதும்” என்றார் முத்துலிங்கம் சேர்.

“திருத்த வேலை ஒண்டும் நடக்கேல்லை, சேர்.”

“எனக்குப் பென்சனுக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கு, பிள்ளை.”

இதுவரை என்னை அவர் பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை.

மே 9

உள்ளது உள்ளபடி எழுதினேன். எப்போது பூட்டியது, ஏன் பூட்டியது, உள்ளே என்ன கிடக்கிறது, எல்லாம். கடைசி வரி: ‘முன்னைய தகவல் பிழையானது. அதைத் தயாரித்தவள் நான்.’ சேரின் பேரைப் போடவில்லை. பெருந்தன்மையால் இல்லை. அவர் சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

பிரதேச செயலாளர் இரண்டு தரம் வாசித்தா. “உங்கட பேரை எடுத்துவிடவோ?” என்று கேட்டா. வேண்டாம், மடம் என்றேன். வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டா.

யூன் 18, புதன்

பதில் வாசித்தார்கள். பிரதேச மட்ட உத்தியோகத்தர் ஒருவர் வழங்கிய பிழையான தகவலையிட்டு அமைச்சு வருந்துகிறது, விசாரணை நடக்கும், நிலையத்தை ஆறு மாதம் நடத்த நிதி விடுவிக்கப்படும். ஆறு மாதத்துக்குப் பிறகு பராமரிப்பாளருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று உறுப்பினர் எழுந்து கேட்டார். அது மாகாணத்தின் பொறுப்பு என்றார் அமைச்சர். எல்லாமே இரண்டு நிமிடம். அடுத்த கேள்வி யானை வேலி பற்றியது.

மேனுகாவின் பேரை ஒருவரும் சொல்லவில்லை.

யூன் 22, ஞாயிறு

தேவாலயப் பூசை முடியும்வரை வெளியில் நின்றுவிட்டு ஆத்திமுனை வீட்டுக்குப் போனேன். பிரியந்தினி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வழி முழுக்க ஒரு பேச்சை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு வரிதான் வந்தது.

“அந்த இயங்குது எண்டதை எழுதினது நான்தான்.”

“தெரியும் மிஸ். திறப்பு உங்களிட்டத்தானே.”

கத்தியை வைக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வெட்டிய துண்டைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, “மூத்தவளுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. தான் விட்டிட்டுப் போனதாலதான் எண்டு கிடக்கிறாள். நாங்கள் சொல்லக் கேக்கிறாள் இல்லை” என்றாள்.

நிதர்சனா பின்பக்கம் பூவரச மரத்தடியில் இருந்தாள். பக்கத்தில் இருந்து சொன்னேன். அந்த இடம் திறந்திருக்க வேண்டியது, தங்கச்சி அங்கேதான் இருந்திருக்க வேண்டும், பூட்டிக் கிடந்ததை மறைத்து எழுதியது நான், உன்னில் ஒரு பிழையும் இல்லை. அவள் நிலத்தில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தாள்.

“திறந்திருந்தா நான் அண்டைக்குப் பள்ளிக்கூடம் போயிருப்பனோ?”

“ஓம்.”

“அண்டைக்குத் தமிழ்ச் சோதினை.”

அவ்வளவுதான் கதைத்தாள்.

யூலை 14

விளக்கம் கோரும் கடிதமும் இடமாற்றக் கடிதமும் ஒரே உறையில் வந்தன. செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து வவுனியா. போனில் சொன்னதும் ஜெயந்தனுக்குக் கோபம். “நீ மட்டுமே எழுதினனீ? எழுதச் சொன்ன ஆள் எங்க?” அந்த ஆள் பின்னேரம் என் மேசைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், எங்கள் பிள்ளைக்கு வவுனியாவில் பள்ளிக்கூடம் எடுக்கத் தெரிந்த அதிபர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கும் அதிபர் தேவை.

ஓகஸ்ட் 4

தறப்பாள்களை ஏற்றிப் போய்விட்டார்கள். நிலையத்துக்குள் எலிப்புழுக்கை. ஊர்ப் பெண்கள் இருவர் கூட்டிக் கழுவினார்கள், நானும் கழுவினேன்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

இங்கே கடைசி வேலைநாள். பராமரிப்பாளர் இரண்டு இடத்துக்கு ஒன்பது விண்ணப்பங்கள் வந்திருந்தன. தகைமை உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சுற்றறிக்கைப்படி பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை சித்தி வேண்டும்.

ஏழாவது பிரியந்தினியுடையது. பாடசாலைக் கொப்பித் தாளில், கோடு பிடித்து, நிதர்சனாவின் கையெழுத்தில் எழுதியிருந்தது. கல்வி: எட்டாம் வகுப்பு, பிறகு இடம்பெயர்வு. அனுபவம் என்ற இடத்தில் முதலில் ‘இல்லை’ என்று எழுதி வெட்டியிருந்தது. கீழே: ‘பிள்ளைகள் இரண்டு. இருப்பது ஒன்று.’

மிச்சம் இரண்டையும் பிரித்து முடித்தேன். பிறகு அதைத் தகைமை உள்ளவற்றின் மேல் வைத்து, ‘விசேடமாகக் கவனத்திற் கொள்ளவும்’ என்று எழுதி, காரணத்தையும் எழுதி, முழுப்பேரோடு ஒப்பமிட்டேன். எடுக்கமாட்டார்கள். எட்டாம் வகுப்பு எட்டாம் வகுப்புத்தான். அவளிடம் அதைச் சொல்லும் வேலை திங்கட்கிழமை வருகிறவருக்கு.