யார் கை தூக்கினது?

மார்ச் 10, வெள்ளி

தவக்காலம். மதியம் மீனும் முருங்கைக்கீரையும். நாத்தனார் பூரிங் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “ஞாயித்துக்கிழமை விவாதத்துக்கு வந்துடறேன் அண்ணி, சுமான் நான் கொண்டு வர்றேன்” என்றாள். என் கணவர் அன்செல்மோ இறந்த பிறகு எந்தத் தேர்தல் விவாதத்தையும் நாங்கள் தனித்தனியாகப் பார்த்ததில்லை. வாழையிலையில் சுற்றி அவள் அவிக்கும் அந்த அரிசிப் பலகாரத்தில் எப்போதும் சர்க்கரை அதிகம். சொல்லியிருக்கிறேன். மாற்றிக்கொள்ள மாட்டாள்.

மார்ச் 12, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது.

ஜனாதிபதி பதவிக்கு மூன்று வேட்பாளர்கள். என்னுடையவர் செனட்டர் லெயோனோர் விலாசிஸ். நிமிர்ந்து நின்றார், வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு வாங்கினார். பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பூரிங்கின் ஆள் மேயர் பான்டோக். மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சந்தையில் பேரம் பேசுகிறவர் மாதிரி பேசினார். மூன்றாவது கவர்னர் ஓரோஸ்கோ. சிரித்தார். வேறென்ன செய்தார் என்று நினைவில்லை.

பூரிங் சும்மா இருந்தாளா? “உங்க செனட்டரம்மா என்ன கலர் உடுத்தியிருக்காங்க?” “நம்மாளு இப்ப சிரிக்கிறாரா?” எதிரே திரை இருக்கிறது, இது என்ன கேலி? “கண் இல்லையா உனக்கு?” என்றேன். அவள் சுமானைப் பிரித்தாள்.

பிறகு அதைச் சொன்னாள். “அண்ணன் இருந்தா மேயருக்குத்தான் போட்டிருப்பார்.”

“என்னைக் கேட்காமல் அவர் எதுவும் செய்ததில்லை.”

“அய்யோ அண்ணி! உங்களைக் கேட்டு அவர் எதைத்தான் செஞ்சார்?”

நடு விவாதத்தில் டி.வி.யை அணைத்தேன். “உன் வீட்டில் போய்ப் பார்.”

எழுந்தாள். செருப்பைத் தேட அவ்வளவு நேரம். வேண்டுமென்றே. கடைசியில் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

அவர் என்னைக் கேட்பார். கேட்பார்தானே?

மார்ச் 19, ஞாயிறு

பூசையில் பூரிங் மூன்று வரிசை முன்னால். நான் தலையசைக்கவில்லை. அவளும் திரும்பவில்லை.

மார்ச் 25, சனி

டொரொன்டோவிலிருந்து ரஃபயேல் பேசினான். “அத்தை எப்படி இருக்காங்கம்மா?” நன்றாக இருக்கிறாள் என்றேன். “விவாதமெல்லாம் பாத்து ரெண்டு பேரும் பிரஷரை ஏத்திக்காதீங்க.” தனியாகப் பார்த்தாலும் ஏறும் என்று அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் 2, ஞாயிறு

இரண்டாவது விவாதம். வெக்கை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பூரிங்கின் ஜன்னலும் திறந்திருந்தது. நடுவே முள்சீத்தா மரம் மட்டும். அவளுடைய டி.வி. என்னுடையதைவிட ஒரு மூச்சு பிந்திப் பேசுகிறது. அத்தனை சத்தம். ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை கேட்டேன்: ஒரு முறை எனக்காக, ஒரு முறை அவளுக்காக.

விலாசிஸ் அற்புதமாக ஒரு பதில் சொன்னார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். வீண் பழக்கம்.

கடைசியில் நெறியாளர் சொன்னார்: “மரண தண்டனை திரும்ப வர வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். பேச வேண்டாம்.”

மேடையில் அமைதி. மேயரின் இரண்டு கையும் மேசைமேல். ஓரோஸ்கோ தோள் வரை கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டார். என்னுடைய விலாசிஸ் — கழுத்தில் சிலுவை போட்டிருக்கும் விலாசிஸ் — பள்ளிப் பிள்ளை மாதிரி நேராக, உயரமாகக் கை தூக்கினார்.

என்ன சொல்ல? யாரிடம் சொல்ல?

அப்போது மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து பூரிங்கின் குரல்: “யாரு? யாரு தூக்கினது?”

கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, “யாருன்னு சொல்லித் தொலைங்களேன்” என்று டி.வி.யிடமே கெஞ்சினாள்.

என்ன நிறம், சிரிக்கிறாரா, செருப்பு. எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. கேலி இல்லை. அவளுக்குத் திரை தெரியவில்லை.

ஜன்னலிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தை “என் ஆள்” என்பது.

ஜன்னலைச் சாத்தினேன்.

ஏப்ரல் 3, திங்கள்

சாத்தியிருக்கக் கூடாது.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி

சிலுவையை முத்தமிடும் வரிசையில் பூரிங். படி வந்ததும் காலால் தடவிப் பார்த்து ஏறினாள். நான் பின்னால்தான் நின்றேன். கையை நீட்டினேன். தொடுவதற்குள் ஏறிவிட்டாள்.

ஏப்ரல் 23, ஞாயிறு

கடைசி விவாதம். தொடங்குவதற்கு முன்பே போய் அவள் கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நான்தான்.”

தாழ்ப்பாளைத் தடவும் சத்தம். பிறகு, “என்ன அண்ணி, டி.வி. ரிப்பேரா?”

“ஆமாம்.”

“அதானே பாத்தேன். வாங்க, வாங்க.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “விலாசிஸ் வெள்ளை உடுத்தியிருக்கிறார். உன் மேயர் இன்றும் முழங்கையை ஊன்றியிருக்கிறார். ஓரோஸ்கோவுக்குத் தலைமுடிச் சாயம் கூடிவிட்டது” என்றேன். பூரிங் என் பக்கம் திரும்பினாள்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“நீ ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா திட்டுவீங்க, ஏன் முன்னாடியே டாக்டர்கிட்ட போகலேன்னு.”

“ஏன் போகவில்லை?”

“பாத்தீங்களா!”

விளம்பர இடைவேளையில் கேட்டாள்: “போன தடவை யாரு அண்ணி கை தூக்கினது?”

சொன்னேன். என் ஆள் தூக்கினார், உன் ஆள் தூக்கவில்லை, ஓரோஸ்கோ பாதி. கைகொட்டிச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் முழங்காலைத் தேடித் தட்டினாள். “அப்ப யாருக்குப் போடப் போறீங்க?”

“பிறர் வாக்கைக் கேட்பது நாகரிகமில்லை.”

“சரிங்க மதர்.”

மே 4, வியாழன்

கண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். ஒரு கண்ணுக்கு அறுவை செய்யலாமாம், ஜூலையில். மற்றது போனது போனதுதான். அவர் முன்னால் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து திட்டினேன்.

மே 8, திங்கள்

தேர்தல். பள்ளிக்கூடத்தில் முதியவர்களுக்குத் தனி வரிசை. பூரிங்கின் வாக்குச்சீட்டை யார் நிரப்புவது என்று அதிகாரி கேட்டார். “எங்க அண்ணி. எங்க அண்ணன் சம்சாரம்” என்றாள்.

“நம்பிக்கையானவங்களா?”

“ரொம்பக் கண்டிப்பானவங்க. அது போதும்.”

அவள் சொன்னபடி நிரப்புவேன், யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் காதில் ஒரு பெயர் சொன்னாள். பேனாவை எடுத்தேன். அந்தப் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை, ஓரத்தில் நூலளவு வெள்ளை தெரியாமல் நிரப்பினேன். என்னுடையதைக்கூட இவ்வளவு சுத்தமாக நிரப்பியதில்லை.

எந்தப் பெயர் என்று இங்கேயும் எழுத மாட்டேன். சத்தியம் சத்தியம்தான். என் சீட்டில் பேனா நெடுநேரம் நின்றது என்று மட்டும் எழுதலாம்.

திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இருவர் விரலிலும் மை.

மே 27, சனி

வென்றவரை இன்று அறிவித்தார்கள். பூரிங் வீட்டில் பார்த்தோம். சுமானில் சர்க்கரை அதிகம். இரண்டு சாப்பிட்டேன்.

கைதட்டல் சத்தம். “இப்ப யாரு கை தூக்கறது?”

“ஓரோஸ்கோ. அவராகத் தூக்கவில்லை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துத் தூக்குகிறார்கள்.”

“முழுசாவா?”

“முழுசாக.”

அவள் சிரித்த சிரிப்பில் சுமான் தட்டு கீழே விழுந்தது. நாங்கள் முகம் பார்க்காமல் இருந்ததெல்லாம் தோற்ற இருவருக்காக. அன்செல்மோ யாருக்குப் போட்டிருப்பார் என்று இருவரும் பேசவில்லை.

“உங்க டி.வி.யை எப்பத்தான் சரி பண்ணுவாங்க அண்ணி?” என்றாள் வாசலில்.

அதற்கு உதிரிபாகம் கிடைப்பது கடினம் என்றேன்.