வால் ஒடிந்த பட்டாம்பூச்சி

என்னங்க,

உங்கள் இருமல் நின்றதா? சின்னவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்த அருங்காட்சியகத்தின் பழைய பதிவேட்டில் 'தகைவிலான் வால்' என்ற ஒரே பெயரில் என்னென்னவோ கிடக்கின்றன. வால் நீண்ட பட்டாம்பூச்சிகள், பின்புறம் பிளந்த கோட்டு, நுனி பிளந்த கொடி, பெட்டி மூலையின் மரப்பிணைப்பு எல்லாம் ஒரே குடும்பமாம். தகைவிலான் குருவியின் பிளந்த வாலைப் பார்த்தவர்களுக்கு வேறு உவமையே கிடைக்கவில்லை போலும். பிரித்து எழுதுவதுதான் என் வேலை.

நேற்று ஒரு பட்டாம்பூச்சியை இடம் மாற்றும்போது வால் ஒடிந்துவிட்டது. ஒட்டிவிடலாம், பெரிய விஷயமில்லை. ஆனால் அழுதுவிட்டேன். பெட்டிகளைச் செப்பனிட வந்த தச்சர் பதறிப்போய், "அக்கா, அது செத்தே நூறு வருஷம் ஆச்சு. இப்பப் போயி துக்கம் கொண்டாடுறீங்களே!" என்றார். சிரித்தேன். அழுகை நிற்கவில்லை.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். சமையலறை ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தீர்களா என்று எழுதுங்கள். எதையாவது எழுதுங்கள்.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதம் கேட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். உங்களைக் கேட்டதற்கு, "உன் இஷ்டம்" என்றீர்கள். பெருந்தன்மைதான். என்னால் இங்கே முடியவில்லை. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நானாகக் கிளம்பினால், முடியாமல் ஓடிவந்தவள் என்று நானே என்னைச் சொல்லுவேன்.

அறையைப் பூட்ட வந்துவிட்டார்கள். ஒரே ஒரு தடவை என்னை அதிகாரம் செய்யுங்கள். "போதும், கிளம்பி வா" என்று எழுதுங்கள்.